பின் பெஞ்சில் உட்கார்ந்து எதைப் பார்ப்பது?

கேள்வி: பி.எட். இரண்டாம் ஆண்டு, கணிதப் பிரிவு. கற்பித்தல் பயிற்சிக்காக ஓர் அரசு உயர்நிலைப் பள்ளிக்குப் போகப் போகிறேன். முதல் சில நாட்கள் மூத்த ஆசிரியர்களின் வகுப்பை உற்றுநோக்க வேண்டுமாம். போன வருட சீனியர்களின் ரெக்கார்டைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ‘ஆசிரியர் தெளிவாக விளக்கினார், மாணவர்கள் ஆர்வமுடன் கவனித்தனர்’ என்றே இருக்கிறது. உண்மையில் அங்கே எதைப் பார்க்க வேண்டும்? பார்த்ததை எப்படி நம் வகுப்புக்குக் கொண்டுவருவது?

பதில்: மாணவர்களைப் பாருங்கள். ஆசிரியரைப் பார்க்க வந்த இடத்தில் இப்படிச் சொல்வது வினோதமாக இருக்கலாம். ஆனால் வழிகாட்டி ஆசிரியராகப் பல பயிற்சி ஆசிரியர்களோடு இருந்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்த விஷயம் இது. ஆசிரியரையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அவருடைய குரலையும் கையசைவையும் எடுத்துப் போனார்கள். பிள்ளைகளைப் பார்த்தவர்கள் அவருடைய வேலையைக் கற்றுக்கொண்டு போனார்கள்.

காரணம் இருக்கிறது. அமெரிக்கச் சமூகவியலாளர் டான் லார்ட்டி 1975-இல் இதைப் பற்றி எழுதினார். ஆசிரியப் பணிக்கு வருகிற ஒவ்வொருவரும் மாணவராக உட்கார்ந்து ஆயிரக்கணக்கான மணி நேரம் ஆசிரியர்களைப் பார்த்துவிட்டே வருகிறார்கள். வேறு எந்தத் தொழிலுக்கும் இப்படி ஒரு முன்பழக்கம் கிடையாது. ஆனால் அவர்கள் பார்த்தது வெளியே தெரிந்ததை மட்டும்தான். ஆசிரியர் ஏன் அந்தக் கேள்வியை அந்தப் பையனிடம் கேட்டார், ஏன் ஒரு கணக்கைப் பாதியில் விட்டார் என்பது மாணவர் இருக்கையிலிருந்து தெரியாது. ஆகவே, பயிற்சிக்குப் போய்ப் பின் பெஞ்சில் உட்கார்ந்தால் ஒன்றாம் வகுப்பிலிருந்து பார்த்த அதே காட்சியைத்தான் மறுபடி பார்ப்பீர்கள். அதனால்தான் எல்லா ரெக்கார்டும் ஒன்றுபோல இருக்கிறது.

முதலில் இடத்தை மாற்றுங்கள். பின் பெஞ்சிலிருந்து தெரிவது முதுகுகள் மட்டும். ஆசிரியரிடம் அனுமதி கேட்டு, பக்கவாட்டுச் சுவரோரம், முன்வரிசைக்குச் சற்றுப் பின்னால் ஒரு நாற்காலி போட்டுக்கொள்ளுங்கள். அங்கிருந்து பிள்ளைகளின் முகமும் தெரியும், நோட்டும் ஓரளவு தெரியும், பலகையும் தெரியும். முதல் நாள் பிள்ளைகள் உங்களையே திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். அடுத்தடுத்த நாட்களில் மறந்துவிடுவார்கள்.

அப்புறம், மூன்று பத்தி கோடு போட்ட ஒரு தனி நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரிக்குக் கொடுக்கிற ரெக்கார்டு வேறு, இது வேறு. முதல் பத்தியில் நேரம், இரண்டாவதில் ஆசிரியர் செய்தது, மூன்றாவதில் பிள்ளைகள் செய்தது. ‘தெளிவாக’, ‘சிறப்பாக’, ‘ஆர்வமாக’ போன்ற சொற்களை இந்த நோட்டில் எழுதவே கூடாது. ‘10.20: பலகையில் இரண்டாவது கணக்கு. ஜன்னலோரப் பெண் முதல் வரியை மட்டும் எழுதிவிட்டுப் பக்கத்து நோட்டைப் பார்க்கிறாள். டீச்சர் அங்கே நடக்கிறார். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. வகுப்பைப் பார்த்து இரண்டாம் வரி எப்படி வந்தது என்று கேட்கிறார்.’ இப்படி எழுதினால், அன்று மாலை படிக்கும்போது உங்களுக்கே கேள்விகள் எழும். பிளாண்டர்ஸ் முறை என்று நீங்கள் படித்திருப்பீர்கள். 3 விநாடிக்கு ஒரு முறை, 10 வகைகளில் ஒன்றாக வகுப்பறைப் பேச்சைக் குறிக்கிற முறை. அந்தப் பத்தில் ஏழு வகை ஆசிரியரின் பேச்சு, இரண்டே வகை மாணவரின் பேச்சு, மிச்சம் ஒன்று மௌனம் அல்லது குழப்பம். தேர்வுக்காக மனப்பாடம் செய்வதோடு விடாமல், ஒரே ஒரு வகுப்பில் ஒரு பத்து நிமிடம் அதைச் செய்து பாருங்கள். யார் எவ்வளவு பேசுகிறார்கள் என்பது கண்முன்னே வந்து நிற்கும். தினமும் செய்யத் தேவையில்லை, முழு வகுப்பையும் அதில் அடைக்க முடியாது.

இனி, பார்க்க வேண்டியவற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது தவறான பதில் வருகிற நொடி.

அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் ஆறாம் வகுப்பில் கணிசமான பிள்ளைகள் ஐந்தில் இரண்டு என்பார்கள். மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டிவிட்டார்கள். புதிதாக வருகிறவர் உடனே ‘தப்பு, மீ.சி.ம. எடு’ என்று முறையைச் சொல்லித் தருவார். பையன் எழுதிக்கொள்வான், அடுத்த வாரம் மறுபடி ஐந்தில் இரண்டு என்பான். அனுபவமுள்ள ஒரு டீச்சர் என்ன செய்வார் தெரியுமா? “சரி, அரை இட்லி சாப்பிட்ட. அப்புறம் இன்னும் கொஞ்சம் சாப்பிட்ட. மொத்தம் அரை இட்லிய விடக் குறைஞ்சிருக்குமா?” ஐந்தில் இரண்டு அரையை விடச் சின்னது என்பதை அவனே கண்டுபிடிக்கிறான். அவனுடைய விடை அவனுக்கே ஒப்பவில்லை. அதற்குப் பிறகுதான் மீ.சி.ம. வருகிறது. இந்த வரிசையைத்தான் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

எட்டாம் வகுப்பில் சமன்பாடு நடக்கும்போதும் கவனியுங்கள். ‘மறுபக்கம் போனால் குறி மாறும்’ என்று சொல்லிக் கொடுப்பது நம் ஊரில் பரவலான பழக்கம். அதை அப்படியே பிடித்துக்கொண்ட பிள்ளை 3x = 12 என்பதற்கு 3-ஐ அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கழித்து, x = 9 என்று எழுதும். இந்தத் தவறு வரும் என்று முன்பே தெரிந்த ஆசிரியர் ‘போகும், வரும்’ என்ற பேச்சையே எடுக்க மாட்டார். இரண்டு பக்கமும் ஒரே வேலையைச் செய் என்பார், இரண்டு பக்கத்தையும் 3-ஆல் வகுக்கச் சொல்வார். முடித்ததும் விடையைத் திரும்ப வைத்துச் சரிபார்க்கச் சொல்வார்.

இன்னொன்று, 0.35 பெரியதா, 0.5 பெரியதா? 35 பெரிய எண், ஆகவே 0.35 என்பார்கள். ரூபாய், பைசாவில் விளக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். ஆனால் அந்தப் பிள்ளை 0.5 ரூபாயை 5 பைசா என்று படிக்கும் என்பது அனுபவமுள்ளவருக்குத் தெரியும். அவர் மீட்டர் அளவுகோலைக் கையில் எடுப்பார். 0.5 மீட்டர் எங்கே, 0.35 மீட்டர் எங்கே என்று ஒரு பையனை வந்து தொட்டுக்காட்டச் சொல்வார்.

லீ ஷுல்மன் என்ற கல்வியாளர் 1986-இல் இந்த வகை அறிவுக்குத் தனியாக ஒரு பெயர் கொடுத்துப் பேசினார். கணிதம் தெரிவது ஒரு அறிவு, பொதுவாகக் கற்பிக்கத் தெரிவது ஒரு அறிவு. இந்தப் பாடத்தில் இந்த இடத்தில் பிள்ளைகள் எப்படித் தடுமாறுவார்கள், அப்போது எந்த எடுத்துக்காட்டு கை கொடுக்கும் என்பது மூன்றாவது. எம்.எஸ்ஸி.யில் தங்கப்பதக்கம் வாங்கியவருக்கும் இது தானாக வராது. மூத்த ஆசிரியரிடமிருந்து நீங்கள் எடுக்கக்கூடிய ஆகப்பெரிய சொத்து இதுதான் என்பேன். இதற்கு ஒரு வழி: வகுப்புக்கு முந்தின நாள் அந்தப் பாடத்தை நீங்களே படித்து, பிள்ளைகள் செய்யக்கூடிய மூன்று தவறுகளை யூகித்து எழுதிவையுங்கள். மறுநாள் எவை வந்தன, நீங்கள் நினைக்காத எது வந்தது என்று பாருங்கள். வழிகாட்டி ஆசிரியருக்குக் கட்டுக் கட்டாக நோட்டு திருத்த உதவுங்கள். சில பயிற்சி ஆசிரியர்கள் அதை எடுபிடி வேலை என்று நினைத்து ஒதுங்குவார்கள். ஒரே தவறை இருபது நோட்டில் தொடர்ந்து பார்க்கிற வாய்ப்பு வேறெங்கே கிடைக்கும்?

கேள்வி கேட்பதிலும் கவனிக்க நிறைய இருக்கிறது. நம் வகுப்பறைகளில் கூட்டுப் பதில் என்ற ஒன்று உண்டு. ‘முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூடுதல் நூற்று...’ என்று ஆசிரியர் இழுக்க, வகுப்பே ‘எண்பது’ என்று முடிக்கும். கேட்பதற்கு எல்லாருக்கும் தெரிந்த மாதிரி இருக்கும். ஒரு பத்துப் பேர் சொல்ல, மற்றவர்கள் கடைசி எழுத்தில் சேர்ந்துகொண்டிருப்பார்கள். பக்கவாட்டிலிருந்து உதடுகளைப் பாருங்கள், தெரிந்துவிடும். கூட்டுப் பதிலை முற்றிலும் ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். வாய்ப்பாட்டுக்கும் செய்யுளுக்கும் அது நல்லது, கூச்சமுள்ள பிள்ளைக்கு ஒரு மறைவு. ஆனால் புரிந்ததா என்று பார்க்க அது உதவாது. நல்ல ஆசிரியர் எந்த இடத்தில் அதை நிறுத்துகிறார் என்று பாருங்கள். ‘யாரும் சொல்ல வேண்டாம், நோட்டுல எழுதுங்க, நான் வந்து பாக்குறேன்’ என்று சொல்லிவிட்டு வரிசைகளுக்கு நடுவே நடப்பார். அந்த நடையில்தான் வகுப்பின் உண்மை நிலவரம் அவருக்குத் தெரிகிறது, அடுத்து யாரைப் பலகைக்கு அழைப்பது என்றும் முடிவாகிறது.

கேள்விக்கும் பதிலுக்கும் இடையே எவ்வளவு நேரம் விடுகிறார் என்றும் பாருங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் இதை ஒலிப்பதிவுகளில் அளந்து 1970-களில் எழுதினார். கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடி அளவுகூடப் பொறுப்பதில்லை. அதை 3 விநாடிக்கு நீட்டினாலே பதில்கள் நீளமாகின்றன, தெரியாது என்பது குறைகிறது, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள். பதில் வந்த பிறகும் அதே போல ஒரு பொறுமை வேண்டும் என்பதையும் அவர் கண்டார். பிள்ளை சொல்லி முடித்ததும் ‘குட்’ என்று சொல்லிவிட்டால் அங்கே எல்லாம் முடிந்தது. சும்மா பார்த்துக்கொண்டே நின்றால் அந்தப் பிள்ளையே ‘ஏன்னா டீச்சர்...’ என்று தொடரும். இன்னொரு சின்ன விஷயம், பெயரைக் கேள்விக்கு முன்னால் சொல்கிறாரா, பின்னால் சொல்கிறாரா? முன்னால் சொன்னால் மற்ற முப்பத்தொன்பது பேரும் அந்தக் கேள்வியிலிருந்து விடுதலை.

கரும்பலகையைப் பற்றிச் சுருக்கமாக: வகுப்பு முடியும்போது பலகையைத் தினமும் உங்கள் நோட்டில் அப்படியே வரைந்துகொள்ளுங்கள். ஜப்பானிய ஆசிரியர்கள் பலகையைத் திட்டமிடுவதற்கே ‘பான்ஷோ’ என்று ஒரு பெயர் வைத்து, ஒரு பாடம் முழுவதும் இடமிருந்து வலமாக அழியாமல் நிற்கிற மாதிரி எழுதுகிறார்கள். பாதியில் கவனம் சிதறிய பிள்ளை திரும்பி வரும்போது எங்கே இருக்கிறோம் என்று பலகை சொல்லும்.

அடுத்து, பயிற்சி ஆசிரியர்கள் அதிகம் கேட்கிற கேள்வி. வகுப்பை எப்படி அடக்குவது? இதில்தான் உற்றுநோக்கல் உங்களை ஏமாற்றும். ஜேக்கப் கூனின் வகுப்பறைகளைப் படம்பிடித்து ஆராய்ந்து 1970-இல் ஒரு முடிவை வெளியிட்டார். குறும்பு நடந்த பிறகு ஆசிரியர் எப்படிக் கண்டித்தார் என்பதற்கும், வகுப்பு ஒழுங்காக நடக்கிறதா என்பதற்கும் அவரால் தொடர்பே காண முடியவில்லை. நல்ல வகுப்புகளை வேறுபடுத்தியது குறும்புக்கு முந்தைய விஷயங்கள். எங்கே என்ன நடக்கிறது என்று ஆசிரியருக்குத் தெரிகிறது, தெரிகிறது என்பது பிள்ளைகளுக்கும் தெரிகிறது. ஒருவனுடைய நோட்டைப் பார்த்துக்கொண்டே மூலையில் எழும் சலசலப்பையும் அவர் கவனிக்கிறார். ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்கு மாறும்போது இடைவெளி விழாமல் பார்த்துக்கொள்கிறார். ஆகவே கண்டிக்கிற காட்சியைக் குறிப்பெடுப்பதில் பெரிய பயன் இல்லை. பாடப்புத்தகத்தை மூடி நோட்டைத் திறக்கச் சொல்கிறாரே, அந்த அரை நிமிடம் எப்படிப் போகிறது என்று எழுதுங்கள். பேசுகிற பெஞ்சுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, அங்கிருந்தே பாடத்தைத் தொடர்கிறாரா என்று பாருங்கள். குரலை உயர்த்துகிறாரா, தாழ்த்துகிறாரா?

இன்னும் ஒன்று இருக்கிறது, இதைப் பலர் யோசிப்பதே இல்லை. நீங்கள் போகிற மாதத்தில் அந்த வகுப்பு ஏற்கெனவே பழகியிருக்கும். டீச்சர் நுழைந்ததும் லீடர் நோட்டுகளை அடுக்கி வைத்திருப்பதும், பலகை துடைத்திருப்பதும், பிள்ளைகள் தேதி போட்டு எழுத ஆரம்பிப்பதும் தானாக நடப்பது போலத் தெரியும். அதெல்லாம் ஜூன் மாதத்தில் நாள்தோறும் சலிக்காமல் சொல்லிப் பழக்கியது. நீங்கள் பார்ப்பது விளைச்சலை மட்டும். அதை நம்பி, அடுத்த ஆண்டு உங்கள் சொந்த வகுப்பில் முதல் நாளே அப்படி நடக்கும் என்று எதிர்பார்த்தால் மனம் உடைந்துவிடும். எனவே தவறாமல் கேளுங்கள்: “ஜூன்ல முதல் வாரம் என்ன பண்ணீங்க மிஸ்?” இந்தக் கேள்விக்கு வருகிற பதிலை அப்படியே எழுதி வையுங்கள்.

கேட்பது என்றதும் சொல்ல வேண்டியது. மூத்தவர்களிடம் ‘எப்படி மிஸ் கிளாஸ இவ்ளோ நல்லா கன்ட்ரோல் பண்றீங்க?’ என்றால் ‘எல்லாம் அனுபவம்தாம்மா, போகப் போக வந்துடும்’ என்பார்கள். மறைப்பதற்காக அப்படிச் சொல்வதில்லை. இருபது வருடமாகச் செய்வது அவர்களுக்கே தனியாகத் தெரிவதில்லை. உங்கள் நோட்டிலிருந்து ஒரு நொடியை எடுத்துக் கேளுங்கள். “ரெண்டாவது கணக்கைப் பாதியில நிறுத்திட்டு, மைனஸ் எண்களுக்குப் போனீங்களே, எதப் பாத்து முடிவு பண்ணீங்க?” அப்போது யோசிப்பார்கள். ‘நாலஞ்சு பேரு −3 −5க்கு +8னு போட்டிருந்தாங்க. அத வச்சுக்கிட்டு சமன்பாடு நடத்துனா வீண்தானே, அதான் எண்கோட்டுக்குப் போனேன்’ என்று பதில் வரும். பாடத்திட்டத்தில் இல்லாத அந்தப் பத்து நிமிடம் ஏன் வந்தது என்பது இப்போது உங்கள் கையில். கேட்கிற நேரமும் முக்கியம். இடைவேளையில் டீ கையில் இருக்கும்போது வேண்டாம், எமிஸ் என்கிற பள்ளித் தகவல் தளத்தில் பதிவேற்றம் ஓடிக்கொண்டிருக்கும்போதும் வேண்டாம். அவருக்கு வகுப்பில்லாத பீரியடில், ‘நேரம் இருக்கா மிஸ்?’ என்று கேட்டுவிட்டுப் போங்கள். மற்ற ஆசிரியர்கள் முன்னிலையில் கேட்டால் சோதிக்கிற மாதிரி ஆகிவிடும்.

முடிந்தால் ஒரு நாள் முழுக்க ஒரே பிரிவைப் பின்தொடருங்கள். எட்டாம் வகுப்பு ஆ பிரிவு என்றால் காலை முதல் பீரியடிலிருந்து கடைசி பீரியட் வரை அவர்களோடு இருங்கள், உடற்கல்வி உட்பட. ஹெச்.எம். அனுமதி வேண்டும், பெரும்பாலும் கிடைக்கும். கணக்கில் வாயே திறக்காத பையன் சமூக அறிவியலில் முதல் ஆளாகக் கையைத் தூக்குவான். மதிய உணவுக்குப் பின் முதல் பீரியடில் வகுப்பே சொக்கும், அதே வகுப்பை ஒருவர் எழுந்து நிற்க வைத்து வேலை கொடுத்து மீட்பார், இன்னொருவர் பேசிக்கொண்டே போவார். ஒரே பிள்ளைகள், ஆசிரியருக்கு ஆசிரியர் வேறு பிள்ளைகளாகிறார்கள். ஒரு பாடத்தின் வகுப்பை மட்டும் பார்த்தால் இது தெரியவே தெரியாது.

அருகில் தொடக்கப்பள்ளி இருந்தால் அங்கும் ஒரு நாள் போய்ப் பாருங்கள். நீங்கள் பட்டதாரி ஆசிரியராகத்தான் போகப் போகிறீர்கள், இருந்தாலும் போங்கள். 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கிறார்கள். ஒன்று முதல் மூன்று வரை உள்ள வகுப்புகளை ஒரே ஆசிரியர் ஒரே அறையில் வைத்திருப்பதையும் பார்க்கலாம். ஒரு குழுவுக்குச் செயல்பாடு கொடுத்து, இன்னொரு குழுவை எழுத வைத்து, மூன்றாவது குழுவோடு தரையில் உட்கார்ந்துவிடுவார். எழுதுகிற குழு முடித்துவிட்டால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது அவர்களுக்கு முன்பே தெரியும், வந்து கேட்க மாட்டார்கள். ஒன்பதாம் வகுப்பில் நாற்பது பேரும் நாற்பது நிலையில் இருக்கும்போது உங்களுக்கு வேண்டியது இந்தத் திறமைதான்.

எல்லா மூத்த ஆசிரியரும் பின்பற்றத் தக்கவர்கள் என்று சொல்ல மாட்டேன். சில வகுப்புகளில் ஸ்கேலால் அடிப்பதையும், ‘நீயெல்லாம் மாடு மேய்க்கத்தான் லாயக்கு’ என்பதையும் நீங்கள் காண நேரலாம். வகுப்பு அமைதியாகத்தான் இருக்கும், அந்த அமைதியைப் பார்த்து மயங்காதீர்கள். பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தால் அங்கே ஒருவர்கூடக் கேள்வி கேட்கவில்லை என்பது தெரியும். கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆம் பிரிவு உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. பயிற்சிக்கு வந்தவர் வகுப்பில் எழுந்து நின்று மூத்தவரோடு வாதாட முடியாது, அது பிள்ளைகளுக்கும் நல்லதல்ல. அன்றே உங்கள் கல்லூரி மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். ஒரு பிள்ளைக்குக் காயமோ ஆபத்தோ என்றால் தலைமையாசிரியரிடம் போங்கள், அங்கும் அசைவில்லை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது. ‘நமக்கு எதுக்கு வம்பு, மார்க் போடுறவங்க அவங்க’ என்று தோன்றும். தோன்றினாலும் சொல்லுங்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். தேசிய ஆசிரியர் கல்விக் குழுவின் 2014 விதிமுறைப்படி இரண்டாண்டு பி.எட்.டில் பள்ளிப் பயிற்சி குறைந்தது 20 வாரங்கள், முதல் ஆண்டில் 4, இரண்டாம் ஆண்டில் 16. பலரும் முதல் சில நாட்களோடு உற்றுநோக்கலை மூட்டை கட்டிவிட்டு, அப்புறம் தங்கள் வகுப்பு, சார்ட், மாடல் என்று ஓடிவிடுகிறார்கள். நீங்களே ஒரு தடவை பாடம் நடத்திச் சிக்கிக்கொண்ட பிறகு மூத்தவரின் வகுப்பில் போய் உட்கார்ந்தால்தான் கண் திறக்கும். முன்பு சாதாரணமாகத் தெரிந்தது அப்போது வித்தையாகத் தெரியும். ஆகவே வாரத்துக்கு ஒரு வகுப்பாவது கடைசி வாரம் வரை பாருங்கள். வேறு பாட ஆசிரியருடையதாக இருந்தாலும் பரவாயில்லை, தமிழ் ஐயா செய்யுள் நடத்துவதிலும் கணக்கு டீச்சருக்கு எடுத்துக்கொள்ள இருக்கிறது.

பார்த்ததில் ஒரு வாரத்துக்கு ஒன்றை மட்டும் முயலுங்கள். இந்த வாரம் கேள்விக்குப் பின் பொறுப்பது. அடுத்த வாரம் கூட்டுப் பதிலை நிறுத்தி நோட்டில் எழுத வைப்பது. எல்லாவற்றையும் சேர்த்துச் செய்யப் போனால் எதுவும் நிற்காது. மூத்தவரின் கிண்டலையும் அதட்டலையும் எடுக்காதீர்கள். பத்து வருடமாக அந்த ஊரில், அக்காவையும் அண்ணனையும் படிக்க வைத்தவர் என்ற உரிமையில் அவர் பேசுகிறார். அதே வார்த்தை உங்கள் வாயிலிருந்து வந்தால் பிள்ளைக்கு வலிக்கும்.

வழிகாட்டி ஆசிரியர் உங்கள் வகுப்பைப் பார்க்க வரும்போது ‘எப்படி இருந்துச்சு?’ என்று கேட்டால் ‘நல்லா இருந்துச்சும்மா, குரலக் கொஞ்சம் உயர்த்து’ என்பதோடு முடிந்துவிடும். வகுப்புக்கு முன்பே ஒன்றைச் சொல்லிக் கேளுங்கள்: “மிஸ், நான் எந்தப் பக்கமே கேள்வி கேக்காம விடுறேன்னு மட்டும் குறிச்சுக் கொடுங்க.” ஒரு தாளில் பெஞ்சுகளை வரைந்து அவர் கையில் கொடுத்துவிடுங்கள். நீங்கள் கேட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் அவர் ஒரு கோடு போடுவார். கோடு விழாத பெஞ்சுகளிலிருந்து மறுநாள் வகுப்பைத் தொடங்குங்கள்.